கண்டெய்னருக்கு இடப்பக்கம் நுழையாதே

எனக்கு வேலை சென்னை பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குக் காகிதம் போடுகிற ஒரு க்ளியரிங் ஏஜென்சியில். வீடு திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால். நடுவில் சுமார் 9 கிலோமீட்டர். 11 வருடமாக இந்தத் தூரத்தை சைக்கிளில்தான் போய் வருகிறேன். உடம்பு இளைப்பதற்காக ஆரம்பித்ததில்லை, சுற்றுச்சூழலைக் காப்பாற்றவும் இல்லை. பைக்கின் இன்ஜின் வேலைக்கு மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு, 'சரி, இந்த மாசம் மட்டும் நைனாவோட சைக்கிள எடுப்போம்' என்று எடுத்தது. அந்த மாசம் இன்னும் முடியவில்லை.

எடுத்த மூன்றாவது வாரமே சாகப் பார்த்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவிருந்தால் போதும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் தெற்கே போனால் துறைமுகம் முழுக்க இடது கைப் பக்கம். ஜீரோ கேட்டுக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் அந்தப் பக்கம்தான் திரும்பியாக வேண்டும். அன்று காலை எனக்கு முன்னால் ஒரு 40 அடிப் பெட்டி வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று வலது பக்கமாக ஒதுங்கியது. அதற்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு இடம். அடடா, நமக்கு வழி விடுகிறான் நல்ல மனுஷன் என்று அழுத்தி உள்ளே நுழைந்துவிட்டேன். அவன் எனக்கு வழி விடவில்லை. அவ்வளவு நீள வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலது பக்கம் அகலம் எடுக்க வேண்டும், அதைத்தான் செய்திருக்கிறான். முன்பக்கம் எங்கோ தூரத்தில் திரும்பிக்கொண்டிருக்கும்போது பின்சக்கரங்கள் அதே தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எனக்கு வலது கைப் பக்கம் ஒரு சுவர் மெதுவாக என்னை நோக்கி நகர்ந்து வந்தது மாதிரி இருந்தது. இரைச்சல்கூட இல்லை, அதுதான் பயங்கரம். க்ளீனர் பையன் கதவைப் பட பட என்று தட்டி "யோவ், உள்ள போவாத, உள்ள போவாத!" என்று கத்திய பிறகுதான் நடைபாதை மேல் விழுந்தேன். விழுந்தேன் என்று சொல்வதைவிட, சைக்கிளைத் தள்ளிவிட்டு நான் தனியாகப் பாய்ந்தேன் என்பது சரி. பெடல் வளைந்து, பெடல் தண்டை அச்சோடு பிடித்திருக்கிற காட்டர் பின் உடைந்து, பேண்ட் முட்டியில் கிழிந்தது. அவ்வளவோடு போனது.

டிரைவர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று பார்த்தால் அவருக்கே கை நடுங்கிக்கொண்டிருந்தது. "கண்ணாடில உங்க தலை தெரியவேயில்லண்ணே" என்றார். அப்புறம் நான் ஆபீஸுக்குப் போய், அதே மாதிரி பெட்டிகளுக்குக் காகிதம் போட உட்கார்ந்தேன். இத்தனை வருடம் அந்தப் பெட்டியின் நம்பர், எடை, சீல் எல்லாம் எழுதியிருக்கிறேன், அது ரோட்டில் எப்படித் திரும்பும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதனால்: பெரிய வண்டி வலது பக்கம் ஒதுங்கினால் அது இடது பக்கம் திரும்பப் போகிறது என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுங்கள். இண்டிகேட்டரை நம்பாதீர்கள், பாதி வண்டியில் எரியாது. வண்டியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. இன்னொன்று, ராத்திரி ஓரங்கட்டி நிற்கிற ட்ரெய்லர். ஓடுகிற லாரியைவிட நிற்கிற லாரிதான் எங்கள் பக்கம் அதிகம் பேரை வாங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பின்னால் விளக்கு இருக்காது, பிரதிபலிக்கிற பட்டையும் கரி படிந்து மங்கியிருக்கும். எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் முன்னால் நிற்கிற ட்ரெய்லர் சுத்தமாகத் தெரியாது. முன் விளக்கு இல்லாமல் இருட்டில் அந்தச் சாலைக்குப் போகாதீர்கள். நைனா காலத்தில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவாராம். கோபமாகச் சொல்வார் நைனா. இப்போது யோசித்தால் அந்தப் போலீஸ்காரர் செய்தது தப்பில்லை.

இப்போது நான் அந்தச் சாலையை வாரத்தில் பாதி நாள்தான் எடுக்கிறேன். கேட் பாஸ் வேலை பார்க்கிற எங்கள் பையன்களிடம் காலையில் ஒரு போன், "லைன் எதுவரைக்கும்பா நிக்குது?" என்று கேட்டுவிடுவேன். துறைமுகத்துக்குள் வேலை மந்தமானால் வெளியே லாரி வரிசை நீளும். நீண்டிருந்தால் டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலை. டோல்கேட் தாண்டி, மெட்ரோ தூண்களை ஒட்டியே வந்து, அப்புறம் கல்மண்டபம் பக்கம் சந்துகளில் புகுந்து வெளியே வருவேன். மெட்ரோ எங்கள் ஊருக்கு 2021 பிப்ரவரியில் வந்தது. அது கட்டி முடிகிற வரைக்கும் அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டினவன் வேறு எங்கேயும் ஓட்டலாம்.

காசிமேட்டை விடியற்காலையில் தாண்டுகிறவர்களுக்கு ஒன்று. மீன் ஏலம் நடக்கிற நேரத்தில் ரோடே ஈரமாக இருக்கும். ஐஸ் உருகின தண்ணீரும் மீன் தண்ணீரும் சேர்ந்தால் தாரின் மேல் ஒரு வழவழப்பு வரும், மழைத்தண்ணீர் மாதிரி அல்ல அது. முன் பிரேக்கைப் பிடித்தால் கீழேதான். பின் பிரேக்கை மெதுவாக, முன்கூட்டியே. மீன் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிற ஆட்களைக் கவனியுங்கள், 40 கிலோவை வைத்துக்கொண்டு ஒருவர்கூட அங்கே சடக்கென்று நிற்கமாட்டார்.

சைக்கிள் கலாச்சாரம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் ஈ.சி.ஆரைத்தான் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஹெல்மெட், பளபளப்பான உடை, கூட்டமாக மாமல்லபுரம் வரை. நானும் இரண்டு முறை போயிருக்கிறேன், நல்ல மனிதர்கள், பஞ்சரானால் பத்து பேர் நின்று உதவுகிறார்கள். ஆனால் ஒரு தம்பி என்னிடம், "நார்த் மெட்ராஸ்ல சைக்கிள் கம்யூனிட்டி இல்லையாண்ணா?" என்று கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. காலை 5 மணிக்கு வண்ணாரப்பேட்டையில் நின்று பாரு தம்பி. பால் கேன், டீ கேன், மீன் கூடை, பேப்பர் கட்டு, கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரர், எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்கு மூட்டை கொண்டுபோகிறவர், பட்டறைக்கு ஷிஃப்ட் போகிறவர். யாரும் குழுவில் இல்லை, யாரும் கிலோமீட்டரை எண்ணுவதில்லை. மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் திறந்தார்கள், அழகாகத்தான் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். எங்கள் பக்கத்தில் மேலே சொன்ன கூட்டம் அதே லாரிக்குப் பக்கத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பகிர்வு சைக்கிள் விஷயமும் இப்படித்தான். 2019இல் நகரத்தில் ஆப் வைத்து எடுக்கிற சைக்கிள்கள் வந்தபோது புதுமையாகப் பேசினார்கள். எனக்கு 9 வயதில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையிலேயே அது இருந்தது. ஒரு பாய் கடை. வாடகை சைக்கிள், ஒரு மணி நேரம் ஒரு ரூபாய். அரை வண்டி, முக்கால் வண்டி, பெரிய வண்டி என்று வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார், பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். பெரிய வண்டியில் கால் எட்டாமல் பாருக்குள் காலை விட்டு குரங்குப் பெடல் அடித்துத்தான் எல்லோரும் கற்றுக்கொண்டோம். பாயிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம். அட்வான்ஸ் கிடையாது. புது ஆள் போனால் ஒரே கேள்விதான்: "யார் வூட்டுப் புள்ள நீ?" பதில் திருப்தியாக இருந்தால் வண்டி. நேரம் தாண்டினால் பாயே தெருவில் இறங்கி வந்துவிடுவார். ஒரு தடவை பிரேக் கட்டையைத் தொலைத்துவிட்டுப் பேசாமல் கடையில் சாய்த்துவிட்டு ஓடினேன். சாயங்காலம் பாய் வீட்டுக்கே வந்து, நைனாவிடம் பணம் கேட்கவில்லை, "பிரேக் இல்லாத வண்டியில புள்ள எப்படி வந்தான்னு கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடி வேறு கதை.

ஆப் சைக்கிளை ஒரு நாள் மெரினா பக்கம் மகளோடு போனபோது எடுத்தேன். வண்டி மோசமில்லை, டயர் கட்டை, ஓட்ட சுகம். 40 நிமிஷம் சுற்றிவிட்டுத் திரும்பி நிறுத்திப் பூட்டினேன், பூட்டு 'டக்' என்றது, ஆப்பில் மட்டும் நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தேன். காசு ஏறிக்கொண்டே போகிறது. போன் செய்தால் பதிவு செய்த குரல், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இல்லை. மகள் அந்த வண்டிக்குக் காவல் நிற்க, நான் நெட்வொர்க் தேடி அங்கும் இங்கும் நடந்தேன். நாலு நாள் கழித்துப் பணம் திரும்பி வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்கு அந்த ஸ்டாண்டில் நோட்டும் பேனாவுமாக ஒரு பாய் உட்கார்ந்திருந்தால் விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

எந்த ஊரில் எந்த ஆப் சைக்கிளை எடுத்தாலும் இதைச் செய்யுங்கள். ஸ்கேன் பண்ணுவதற்கு முன்னால் டயரை விரலால் அழுத்துங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள், சீட்டு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஸ்கேன் ஆகிவிட்டால் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், அப்புறம் ஓட்டை வண்டியும் உங்கள் வண்டிதான். திருப்பி நிறுத்தினதும் ஸ்டாண்டோடு சேர்த்து ஒரு போட்டோ, ஆப் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட், இரண்டும் எடுத்துக்கொண்டு 'முடிந்தது' என்று ஆப் சொல்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். போனில் 15 சதவீதம் சார்ஜோடு எடுக்கவே எடுக்காதீர்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இந்த மாதிரி வண்டிகளைக் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் பக்கத்தில் வைத்தால் அது பொழுதுபோக்கு. தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து கொருக்குப்பேட்டை சந்துக்குள் வீடு இருக்கிறவன், ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கி காசிமேட்டுக்கு வேலைக்குப் போகிறவன், இவர்களுக்குத்தான் கடைசி இரண்டு கிலோமீட்டர் இழுக்கிறது. ஷேர் ஆட்டோவுக்குத் தினம் கொடுக்கிறார்கள். அதுவும் ராயபுரம் 1856இல் திறந்த ஸ்டேஷன், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம், இன்று இறங்கி வெளியே வந்தால் ஒரு சைக்கிள் ஸ்டாண்டைத் தேட வேண்டியிருக்கிறது.

சரி, வண்டிக்கு வருவோம். கடலோரத்தில் சைக்கிளின் எதிரி உப்பு. நான் ஆர்வத்தில் ஒரு கியர் சைக்கிள் வாங்கி, வாரா வாரம் ஷாம்பு போட்டுக் கழுவினேன். மூன்றே மாதத்தில் செயின் செம்பட்டை முடி நிறத்தில் துருவேறியது. இப்போது நான் போகிற கடையில் இருக்கிறவரும் பாய்தான், பழைய பாயின் சொந்தக்காரர் இல்லை. செயினை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, கழுவிட்டு அப்படியே வெச்சிட்டியா? உப்ப வெளிய தொடச்சி தண்ணிய உள்ள வுட்ருக்க" என்றார். அவர் காட்டிக்கொடுத்ததுதான் இன்றுவரை: பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துச் செயினை அதில் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்ற வேண்டும், துணி கறுப்பாகாமல் வருகிற வரைக்கும். காய விட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிஷம் கழித்து மேலே நிற்கிற எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் எண்ணூர்ச் சாம்பலும் நிலக்கரித் தூளும் அதில் ஒட்டி அரைக்கிற மாவாகிவிடும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசுக்காகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை, வடகிழக்கு மழை முடிந்ததும், ஓவராயில், அதாவது முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டுவது. எந்தப் புது சைக்கிள் வாங்கினாலும் முதல் வாரத்திலேயே ஒரு கடையில் கொடுத்து எல்லா போல்ட்டையும் இறுக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கியர் சைக்கிளை விற்றுவிட்டேன். நைனாவின் 28 அங்குல வண்டிதான் திரும்பவும். காரணம் வேகம் இல்லை, உதிரி பாகம். எங்கள் பக்கம் எந்தச் சந்தில் நின்றாலும் அதற்கு டியூப், காட்டர் பின், பிரேக் கட்டை கிடைக்கும். ஒரு நண்பர் ஊசி மாதிரி வால்வு இருக்கிற சைக்கிளோடு எங்களோடு வந்தார். மீஞ்சூரில் காற்று இறங்கிவிட்டது. மூன்று பஞ்சர் கடை, மூன்றிலும் கம்ப்ரெசர் இருக்கிறது, அவர் வால்வில் மாட்டத்தான் வாய் இல்லை. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் இருந்தால் முடிந்தது, அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பித்தளைத் துண்டைச் சாவிக்கொத்திலேயே கோத்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூரைச் சொன்னதால் பழவேற்காட்டையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே இருப்பவர்களுக்கு ஈ.சி.ஆர். தேவையில்லை, எங்களுக்கு டி.பி.பி. ரோடு, அதாவது திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலை, இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஏரி. பொன்னேரி வரைக்கும் லாரி ராஜ்யம், அதனால் 4 மணிக்கே கிளம்பிவிட வேண்டும், விடிவதற்குள் மீஞ்சூரைத் தாண்டிவிட வேண்டும். பொன்னேரிக்கு அப்புறம் வயல், பனை, கொக்கு, ஊரே மாறிவிடும். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் வந்து தங்கிய ஊர், அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

காற்றுக் கணக்கு முக்கியம். தை மாதத்தில் போனால் வாடை, போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். களைத்த பிறகு தள்ளினால் யாருக்குத்தான் கசக்கும். சித்திரை, வைகாசியில் தலைகீழ். காலையில் ஜாலியாகப் போய்விடுவீர்கள், மதியத்துக்குள் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்பிவிடும், வெயிலும் எதிர்காற்றுமாகத் திரும்பி வர வேண்டும். கோடையில் போனால் 9 மணிக்குள் திரும்பக் கிளம்புங்கள், மீன் குழம்புக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்தால் முடிந்தது. நான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன தையில் அப்படிப் போனபோது பொன்னேரி தாண்டி பின் டயரில் காற்று இறங்கியது. பஞ்சர் இல்லை, வால் டியூப் பிளந்திருந்தது. அந்தச் சின்ன ரப்பர் குழாய் பழசானால் இப்படித்தான், ஒரு ரூபாய் சாமான், அது இல்லாமல் 28 அங்குல வண்டி நகராது. பம்ப் இருக்கிறது, ஸ்பானர் இருக்கிறது, பேட்ச், சொலூஷன் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. தள்ளிக்கொண்டு நடந்தேன். எதிரே கூடையோடு ஒரு பெரியவர், மீன் விற்றுவிட்டுத் திரும்பி வருகிறவர், இறங்கி நின்றார். என்ன என்று கேட்கக்கூட இல்லை, வால்வைத் தொட்டுப் பார்த்தார், மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே சுருட்டி வைத்த வால் டியூப், அரை முழம் இருக்கும். பல்லால் கடித்து ஒரு விரற்கடை துண்டாக்கி, எச்சில் தொட்டு ஊசியில் ஏற்றி, தானே காற்றும் அடித்தார்.

பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "எங்கருந்து வர்ற?" என்றார். திருவொற்றியூர் என்றேன். "தேரடியா? தேரடில யாரு வூடு?" என்று கேட்டுக்கொண்டே கூடையைக் கேரியரில் சரிபார்த்து ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, ஏற்கெனவே பத்தடி போயிருந்தார்.